நீலம் பிறகு வந்தது

"துணியில நகையா? தங்கம் வாங்க வக்கில்லாதவங்க மாதிரி."

அக்கா செய்த முதல் கழுத்தணியைப் பார்த்ததும் அம்மா சொன்னது இதுதான். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். பத்துகாஜாவில் எங்கள் தாமானில் பாதிப்பேரின் ரவிக்கை அம்மா கையால் தைத்ததாகத்தான் இருக்கும். அந்த வெட்டுத்துணிகளை அள்ளிக்கொண்டு போய்த்தான் அக்கா மணிகள் செய்தார். துணியை நீளமான முக்கோணமாக வெட்டி, கஞ்சி தடவி, ஈர்க்குச்சியில் இறுக்கிச் சுற்றி, காயவிட்டுக் குச்சியை உருவினால் நடு பருத்து முனை சிறுத்த ஒரு மணி கிடைக்கும். அப்படி முப்பது நாற்பது மணிகள். எல்லாம் நீலம், பச்சை, நீலப்பச்சை. மேலே மெல்லிய ஆர்கன்சா துணி. வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல இருக்கும்.

"இது நம்ம குட்டைங்கடா," என்றார் அக்கா.

கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சடக்கில் இரண்டு பக்கமும், கம்பார், கோப்பெங், மாலிம் நாவார் என்று எந்தப் பக்கம் போனாலும் ஈயக்குட்டைகள்தான். நாங்கள் மீன் பிடித்ததும், அம்மாவிடம் அடி வாங்கியதும் அவற்றின் கரையில்தான். அந்தக் கழுத்தணி அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் பிரச்சினை என்று எனக்குத் தெரிய ஓராண்டு ஆனது. இந்தக் கட்டுரை அந்த ஓராண்டில் நானும் அக்காவும் தெரிந்துகொண்டதைப் பற்றியது.

துணி கொடுத்து ஈயம் வாங்கியவர்கள்

ஈயமும் துணியும் இந்த மண்ணில் சந்தித்துக்கொள்வது முதல்முறை அல்ல.

நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும், ஏனென்றால் 232 டிகிரியிலேயே வெள்ளீயம் உருகும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் இதுதான். செம்போடு கலந்தால் வெண்கலம். இவ்வளவு வேண்டியிருந்தும் இந்தியாவில் இந்த உலோகம் மிகக் குறைவாகத்தான் கிடைக்கிறது. மலாய்த் தீபகற்பத்தில் அது ஆற்று மணலிலேயே கிடந்தது. பேராக், சிலாங்கூர் பக்கங்களில் முதலை, ஆமை வடிவத்தில் ஈயத்தை வார்த்துப் பணமாகவே புழங்கியிருக்கிறார்கள்.

17ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள், இங்கே சூலியா என்று அழைக்கப்பட்டவர்கள், கெடாவுக்கும் பேராக்குக்கும் கப்பல் விட்டார்கள். கொண்டுவந்தது துணி. கொண்டுபோனதில் முக்கியமானது ஈயம். இந்த வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவர டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி படாத பாடு பட்டது. பங்கோர் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் செங்கல் சுவர் ஒன்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்த டச்சுக் கோட்டை 1670இல் பேராக் ஈயத்துக்காகக் கட்டப்பட்டதுதான். டச்சுக்காரர்களும் ஈயத்துக்கு ஈடாக அதே சோழமண்டலத் துணியைக் கொடுத்தது உண்டு.

அந்தத் துணிகளின் பெருமை சாயத்தில் இருந்தது. சிவப்புக்குச் சாயவேர். கடற்கரை மணலில் வளரும் ஒரு சின்னச் செடியின் வேர். துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து, படிகாரம் தடவி, சாயவேரோடு கொதிக்கவைத்தால் துவைக்கத் துவைக்கப் போகாத சிவப்பு வரும். கறுப்புக்கு, இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்த கரைசல். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டதும் கறுத்துவிடும். இந்தக் கறுப்பு பின்னால் எங்களுக்குத் தேவைப்பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆக, கூலிகளாக வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் ஈயத்தோடு துணியால் தொடர்பு வைத்திருந்தார்கள். பள்ளியில் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. நமது வரலாறு கித்தாக் காட்டில்தான் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டே பொறியியல் பட்டம் வாங்கிவிட்டேன்.

தலைகீழான பள்ளத்தாக்கு

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிலேடாங் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் கிந்தா ஆறு. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கருங்கல் மலைகளோடு ஈயத்தாதும் உருவானது. மழையும் ஆறும் மலையை அரைத்து அரைத்துப் பள்ளத்தாக்கில் கொட்டின. தண்ணீரைவிட ஈயத்தாது ஏறக்குறைய ஏழு மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். அதனால் மணல் அடித்துக்கொண்டு போக, தாது சுண்ணாம்புக்கல் படுகையின் பள்ளங்களில் தங்கிவிட்டது. ஈயம் எடுக்கும் எல்லா முறைகளும், டூலாங் தட்டிலிருந்து ராட்சதக் கப்பல் வரை, இந்த ஒரே வித்தியாசத்தைத்தான் நம்பியிருந்தன. மண்ணைத் தண்ணீரில் கலக்கு, ஆட்டு, கனமானது அடியில் நிற்கும்.

பெரிய ஈய வேட்டை முதலில் லாருட்டில் நடந்தது. அந்தச் சண்டைகள்தான் 1874 பங்கோர் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷாரை உள்ளே கொண்டுவந்தன. 1880களில் கூட்டம் கிந்தாவுக்கு நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது உலகத்தின் ஈயத்தில் பாதிக்கும் மேல் மலாயாவிலிருந்து போனது, அதில் பெரும்பங்கு கிந்தாவிலிருந்து. சீனத் தொழிலாளர்கள் திறந்தவெளிச் சுரங்கங்களில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தார்கள். அந்தக் கலங்கலை மேலே ஏற்றி, பாலோங் என்ற நீண்ட மரத்தொட்டியில் ஓடவிட்டார்கள். தொட்டியின் குறுக்கே அடித்த கட்டைகளுக்குப் பின்னால் தாது தங்கும். மிச்சமெல்லாம் வெளியே.

வெளியேறிய கழிவில் தப்பிய தாதைத் தேடியவர்கள் பெண்கள். பெரும்பாலும் ஹக்கா சீனப் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, அகலமான மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றி ஒரு பிடி கறுப்பு மணலைச் சேர்ப்பார்கள். அதற்கும் அரசாங்கத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

தமிழர்கள் எங்கே இருந்தார்கள்? ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன சடக்குகளிலும் தண்டவாளங்களிலும் இருந்தார்கள். 1890களில் ஈப்போவையும் தெலுக் ஆன்சனையும், அதாவது இன்றைய தெலுக் இந்தானையும், இணைத்த இருப்புப் பாதையில் இருந்தார்கள். பிறகு ஐரோப்பியக் கம்பெனிகளின் தோண்டும் கப்பல்களிலும் இருந்தார்கள். என் தாத்தா அப்படி ஒருவர். கப்பலின் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுவது அவர் வேலை.

மலாயாவின் முதல் தோண்டும் கப்பல் 1913இல் பத்துகாஜா பக்கம்தான் வேலையைத் தொடங்கியது. இன்று மிச்சமிருக்கும் ஒன்றைச் செண்டெரோங்கில் பார்க்கலாம். டி.டி.5 என்று பெயர். 1938இல் கட்டப்பட்டது. 4,500 டன் எடை, 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1982 வரை ஓடியது. கப்பல் என்றாலும் அது எங்கும் போகாது. தான் தோண்டிய குட்டையில் தானே மிதக்கும். முன்பக்கம் வாளிச் சங்கிலி கரையைக் கடித்து மண்ணை மேலே ஏற்றும். உள்ளே சலித்துக் கழுவியதும் பின்பக்கம் கழிவைக் கொட்டும். முன்னால் நிலம் தண்ணீராகும், பின்னால் தண்ணீர் நிலமாகும். இப்படிக் குட்டையையும் தன்னோடு இழுத்துக்கொண்டே நகரும். ஒரு கன மீட்டர் மண்ணைக் கழுவினால் சில நூறு கிராம் தாதுதான் தேறும். மற்றதெல்லாம் இடம் மாறிய மண்.

இந்த இடம் மாறிய மண்ணோடுதான் என் பிழைப்பு. நான் படித்த பல்கலைக்கழகமே ஸ்ரீ இஸ்கந்தாரில் பழைய ஈய நிலத்தின் மேல் கட்டப்பட்டது. வேலைக்குச் சேர்ந்தபின் மண்பரிசோதனை அறிக்கைகளை வாசிப்பது அன்றாடமாயிற்று. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவோம். நல்ல மண்ணில் இருபது, முப்பது. பழைய குட்டைகளின் சேற்றில் சில நேரம் அடிக்கவே வேண்டாம். சுத்தியலை மேலே வைத்ததும் கம்பி தானாக இறங்கும். அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதுவோம்.

மணல் கனம் என்பதால் கழிவுக்குழாயின் வாய்ப்பக்கமே குவிந்துவிடும். மாவுபோன்ற களிச்சேறு தூரம் போய் மெதுவாகப் படியும். அதனால் ஒரே குட்டையின் ஒரு முனையில் வீடு கட்டலாம், மறுமுனையில் நிற்கக்கூட முடியாது. மேலே லாலான் புல் முளைத்து மூடிவிட்டால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஒருநாள் இரவு சாப்பாட்டு மேசையில் நான் விரித்து வைத்திருந்த துளையறிக்கை ஒன்றை அக்கா பார்த்தார். மேலிருந்து கீழாக ஒரு நீண்ட பட்டை. அதில் புள்ளி போட்டால் மணல், கோடு போட்டால் களி, செங்கல்போல் போட்டால் சுண்ணாம்புக்கல்.

"இது நகைடா," என்றார். "நீங்க படுக்க வைக்காம நட்டு வச்சிருக்கீங்க."

கழுத்தில் போடக்கூடாத கறுப்பு

இரண்டாவது கழுத்தணி அப்படித் தொடங்கியது. இந்த முறை மணி இல்லை. பருத்திக் கயிற்றின் மேல் துணிப்பட்டைகளை இறுக்கிச் சுற்றிய ஒரே நீளச் சரம். கழுத்தின் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் முடிவது ஒரு துளையறிக்கை. புல்லுக்குப் பச்சை, பிறகு வெள்ளை மணல், சாம்பல்நிறச் சேறு, காராங், கடைசியில் சுண்ணாம்புக்கல்.

காராங் என்பது ஈயத்தாது உள்ள சரளைப் படுகைக்குச் சுரங்கக்காரர்கள் வைத்திருந்த மலாய்ப் பெயர். அதே சொல்லுக்குப் பூவையோ மணியையோ அடுக்கிக் கட்டுவது, எழுதுவது என்ற பொருள்களும் மலாயில் உண்டு. பள்ளியில் நாம் எழுதிய 'காராங்ஙான்' அங்கிருந்து வந்ததுதான். தமிழில் நூல் என்றால் இழையும் புத்தகமும். இரண்டு மொழிகளும் கோப்பதையும் எழுதுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கின்றன. அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் செய்யறதும் கட்டுரைதான், நீ மட்டும் பெருமை அடிச்சுக்காத," என்றார்.

சேற்றுக்கும் மணலுக்கும் நிறம் கிடைத்துவிட்டது. தாமான் ஓரத்துச் செம்மண்ணைச் சலித்து, சோயாப்பாலில் நனைத்துக் காயவைத்த துணியில் தேய்த்தால் மண்ணின் நிறம் ஒட்டிக்கொள்கிறது. கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலையைக் கொதிக்கவைத்த நீரில், துருப்பிடித்த ஆணி இரண்டு போட்டால் சாம்பல்நிறம். காராங்குக்கு மட்டும் அக்கா மினுங்கும் கறுப்பு வேண்டும் என்றார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது அமாங். ஈயத்தாதைப் பிரித்தபின் மிஞ்சும் கன மணல். கறுகறுவென்று, வெயிலில் பளபளக்கும். தெரிந்த ஒருவரிடமிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். மெல்லிய துணிக்குழாயில் அதை நிரப்பி நடுவில் வைப்பது திட்டம்.

எங்கள் வீட்டில் நான் குரல் உயர்த்திய சில தருணங்களில் அது ஒன்று.

அமாங்கில் இல்மனைட், சிர்கான் இவற்றோடு மோனசைட்டும் இருக்கும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிரியக்கப் பொருள். அமாங்கைக் கையாளும் ஆலைகள் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருவது இதனால்தான். ஒரு பிடி மணல் மேசையில் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதைத் தினமும் கழுத்தில் தோலோடு தோலாகப் போடுவதற்கும், தூசியாகச் சுவாசிப்பதற்கும் ஒரு பொறியாளனாக நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. 1982இல் புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை மோனசைட்டிலிருந்து அருமண் தாதுக்களைப் பிரிக்கத் தொடங்கியது. மிஞ்சியது தோரியக் கழிவு. குடியிருப்பாளர்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளையும் தாய்மார்களையும் பற்றிய செய்திகளோடு வளர்ந்த தலைமுறை அம்மாவுடையது.

அக்கா பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போய்க் கடுக்காய் வாங்கி வந்தார். ஒரு டின்னில் பழைய ஆணிகளும் வெல்லமும் தண்ணீரும். அது புளித்து நுரைத்து வீடெல்லாம் நாறியது. இரண்டு வாரம் கழித்து, கடுக்காய் ஏற்றிய மஞ்சள் துணியை எடுத்து அந்தத் தண்ணீரில் தொட்டார். கண்முன்னே கறுத்தது. சோழமண்டலத்துச் சாயக்காரர்கள் செய்த அதே கறுப்பு. ஒருகாலத்தில் ஈயத்துக்கு விலையாக வந்த நிறம், இப்போது ஈயத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் திட்டமிட்டது அல்ல இது. பாதுகாப்பான கறுப்பு தேடியதில் அங்கே போய் நின்றோம்.

பாட்டி சொன்ன திருத்தம்

இதற்கிடையில் நீலக் கழுத்தணி நன்றாக விற்றது. ஈப்போவில் வாரக்கடைசிச் சந்தை ஒன்றில் சிறிய மேசை போட்டிருந்தோம். வாங்கியவர்கள் எல்லாரும் நீலத்தையே கேட்டார்கள். தாசேக் செர்மின் மாதிரி இருக்கிறது என்றார்கள். அதுவும் மனிதர்கள் கல் உடைத்துக் குடைந்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான். துளையறிக்கைச் சரத்தை எடுத்துப் பார்த்தவர்கள் இது என்ன, பாம்பா என்று கேட்டார்கள்.

பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு தீபாவளி விடுமுறையில் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தார். நீலத்தைத் தடவிவிட்டு, "இது எந்தக் கொளம்?" என்றார்.

"நம்ம ஈயக்குட்டைதான் பாட்டி. தாத்தா வேலை செஞ்ச எடம்."

"அது எங்க நீலமா இருந்துச்சு? பால் ஊத்தின தேத்தண்ணி மாதிரி இருக்கும். உங்க தாத்தா சட்டைய எத்தனை தடவை தொவைச்சாலும் அந்தக் கலரு போவாது. நீலமெல்லாம் பொறவு வந்தது. கப்பல நிறுத்தின பொறவு."

நான் பத்து வருடமாக மண்ணைப் படிக்கிறவன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கப்பலோ பாலோங்கோ ஓடிக்கொண்டிருக்கும்வரை சேறு தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். வேலை நின்றபின்தான் அது படியத் தொடங்கும். களித்துகள் அவ்வளவு நுண்ணியது என்பதால் மாதக்கணக்கில், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். படிந்து தெளிந்த ஆழமான தண்ணீரில்தான் வானமும் பாசியும் சேர்ந்து அந்த நீலப்பச்சை வருகிறது. அதாவது நாங்கள் அழகு என்று கோத்து விற்றது வேலை போனதன் நிறம்.

1985 அக்டோபர் 24. அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப்பிடிக்கப் பணமில்லாமல் கையை விரித்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. தாது முன்பே குறைந்துகொண்டு வந்தது உண்மை, ஆனால் மெல்லச் சாக வேண்டியதை அந்த வருடம் ஒரே அடியாகச் சாகடித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தாத்தாவும் ஒருவர்.

வீட்டில் ஒரு புகைப்படம் உண்டு. 1986இல் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. பாட்டி நல்ல சேலை கட்டியிருக்கிறார், தலையில் கனகாம்பரம். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள். வேறு எதுவும் இல்லை. சின்ன வயதில் அதைப் பார்த்துப் பாட்டிக்கு எளிமை பிடிக்கும் என்று நினைத்திருக்கிறேன். தாலி அடகுக்கடையில் இருந்தது. அது திரும்பவே இல்லை. ஏலத்தில் போய்விட்டது.

அப்போது அம்மாவுக்குப் பதினாறு வயது. அந்தக் கல்யாணத்தில் பாட்டியின் பக்கத்தில் நின்றிருந்தவர் அம்மா. துணியில் நகை என்றதும் அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. எங்களுக்குத் துணி ஒரு புதுமை. தங்கத்தின் பெருமையிலிருந்து விலகி நிற்கும் ஒரு வழி. தங்கம் இருந்தும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் அந்தப் பெருமையெல்லாம். கயிறு மட்டும் மிஞ்சிய கழுத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது அப்படித் தெரியாது.

உண்மையில் நமக்குத் துணிநகை புதிது இல்லை. தாலி என்பதே அடிப்படையில் மஞ்சள் தோய்த்த நூல்தான். தங்கம் அதில் கோக்கப்படுவது. தங்கம் போனால் ஒரு மஞ்சள் துண்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது, நூல் மாறுவதில்லை. வாழைநாரில் கட்டும் பூச்சரமும் ஒருநாள் நகைதான். ஆனால் இதையெல்லாம் கட்டுரையில் எழுதுவது சுலபம். அம்மாவின் முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது சரம்

அக்கா இரண்டாவது சரத்தைப் பிரித்து மறுபடியும் கட்டினார். இந்த முறை அது ஆழத்தின் அளவு அல்ல, காலத்தின் அளவு. ஒரு பக்கம் சாயவேர்ச் சிவப்புக்கு நெருக்கமான ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டில் தொடங்குகிறது. பிறகு காட்டுப் பச்சை கொஞ்சம். அதன்பின் நீளமாக, மிக நீளமாக, தேத்தண்ணி நிறம். அந்தப் பழுப்புக்குள் இடையிடையே வெல்லமும் இரும்பும் தந்த கறுப்பு முடிச்சுகள், டூலாங் தட்டில் மிஞ்சும் ஒரு பிடி மணல் அளவுக்கு. பழுப்பு முடியும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு எந்தத் துணியும் சுற்றாத வெறும் கயிறு. மஞ்சள் தோய்த்தது. அதற்குப் பிறகுதான் நீல மணிகள். ஏழே ஏழு. நாற்பது ஆண்டுகளுக்கு அது போதும்.

பாட்டியிடம் போட்டுப் பார்க்கச் சொன்னோம். தாத்தா போனபின் கழுத்தில் ஒன்றும் போடாதவர் அவர். "எனக்கு எதுக்கு? நீ போட்டுக்க," என்று அக்காவிடமே கொடுத்துவிட்டார். கொடுக்கும் முன் அந்த வெறும் கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, "இது கொஞ்சம் பெருசா இருந்திருக்கணும்," என்றார். எவ்வளவு பெரிதாக என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்தச் சரம் விற்கவில்லை. இரண்டு முறை மேசையில் வைத்துப் பார்த்தோம். பழுப்பு யாருக்கும் பிடிக்கவில்லை, நீலமே இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவும் நீலம் செய்வதை நிறுத்தவில்லை, வாடகை கட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு நீல மணிச்சரத்தின் பின்பக்கம், கொக்கி மாட்டும் இடத்தில், ஒரு பழுப்பு மணி இப்போது இருக்கிறது. வாங்குகிறவர் கேட்டால் சொல்வார். பெரும்பாலும் கேட்பதில்லை.

கிந்தாவின் குட்டைகள் அழகானவை என்பதை நான் மறுக்கவில்லை. பத்துகாஜா பக்கத்துக் குட்டைகளில் கொக்குகளும் நாரைகளும் கூட்டம் கூட்டமாக வந்து கூடு கட்டுகின்றன. மனிதர்கள் சிதைத்துப் போட்ட ஓர் இடம் தானாக இந்த அளவுக்கு ஆறிக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆறிய இடத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அடியில் சுத்தியலை வைத்தாலே இறங்கும் சேறு அப்படியே இருக்கிறது. அதன் மேல் வீடு கட்டும்போது அந்த உண்மை கணக்கில் வந்தே தீரும். வரலாறு எழுதும்போது மட்டும் ஏன் பூஜ்யம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்?

மஞ்சள் வெயிலில் நிற்காது. சாயக்காரர்கள் அதை நம்பத்தகாத சாயம் என்பார்கள். அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் தொங்கும் அந்தச் சரத்தில் செம்மண் பழுப்பும் இரும்புக் கறுப்பும் அப்படியே இருக்க, வெறும் கயிறு மட்டும் மூன்று மாதத்தில் வெளுத்துவிட்டது. தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே இருப்பது இதனால்தான் போல.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது கயிறு மறுபடியும் மஞ்சளாக இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி, இல்லை என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் மஞ்சள்.